அபவித்ர: பவித்ரோ வா: பூஜை தொடங்கும் முன் சொல்லும் இரண்டு வரி

அமாவாசைத் தர்ப்பணத்துக்கு உட்கார்ந்து பழகியவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். மந்திரம் சொல்லி உள்ளங்கைத் தண்ணீரைப் பருகும் ஆசமனம் முடிந்திருக்கும். தர்ப்பைப் பவித்திரம் மோதிர விரலில் ஏறியிருக்கும். 'சுக்லாம்பரதரம்' சொல்லி நெற்றியில் குட்டிக்கொண்டு, பிராணாயாமமும் ஆகியிருக்கும். சடங்கை நடத்திவைக்கும் வாத்தியார் 'மமோபாத்த' என்று சங்கல்பத்தை, அதாவது இன்ன காரியம் செய்யப்போகிறேன் என்று சொல்லும் உறுதிமொழியை, எடுத்துக் கொடுக்க, நாமும் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போவோம். அந்த ஓட்டத்தில் வருகிற சுலோகம் இது:

அபவித்ர: பவித்ரோ வா
ஸர்வாவஸ்தாம் கதோபி வா
ய: ஸ்மரேத் புண்டரீகாக்ஷம்
ஸ பாஹ்யாப்யந்தர: சுசி:

அப்பா போன பிறகு மாதாமாதம் இதைச் சொல்லி வந்தேன். இரண்டு வருஷம் ஆகியும் பொருள் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. நாக்குக் குழறாமல் சொல்லி முடித்தால் போதும் என்றுதான் இருந்தது. கேட்க வைத்தவள் என் பாட்டி. அந்தக் கதையைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன். முதலில் சுலோகத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

சொல் சொல்லாக

ஒரே மூச்சில் பொருள் சொன்னால் இப்படி வரும்: தூய்மை இல்லாதவனோ தூயவனோ, எந்த நிலையை அடைந்தவனாக இருந்தாலும் சரி, எவன் தாமரைக் கண்ணனை நினைக்கிறானோ அவன் வெளியிலும் உள்ளேயும் தூயவன்.

அபவித்ர: என்றால் தூய்மை இல்லாதவன். பவித்ர: என்றால் தூயவன். 'வா' என்பது நம்முடைய 'ஆவது', 'ஓ' மாதிரி. பவித்ர: என்ற சொல்லோடு வா சேரும்போது பவித்ரோ வா என்று ஆகிறது, வடமொழிச் சந்தி அப்படி. பலர் 'பவித்ரோவா' என்று ஒரே சொல்லாக நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் பொருள் பிடிபடுவதில்லை.

பவித்ரம் என்ற சொல்லே பார்க்க வேண்டிய ஒன்று. 'பூ' என்ற வேர்ச்சொல்லுக்கு வடமொழியில் தூய்மை செய்தல் என்று பொருள். அதோடு 'த்ர' சேர்ந்தால் அந்த வேலையைச் செய்யும் கருவி. ரிக்வேதத்தில் பவித்ரம் என்பது சோமச் சாற்றை வடிகட்டும் ஆட்டு ரோம வடிகட்டியைக் குறிக்கிறது. 9-ஆம் மண்டலம் முழுக்க அந்தச் சாறு வடிகட்டி வழியாக இறங்கி வருவதைப் பற்றியதுதான். அடித்துத் தூய்மை செய்யும் காற்றுக்குப் பவனன் என்றும், எரித்துத் தூய்மை செய்யும் நெருப்புக்குப் பாவகன் என்றும் பெயர் வந்தது இதே வேரிலிருந்து. விரலில் போடும் தர்ப்பை வளையத்துக்கும் அதே பெயர். ஆக, பவித்ரம் என்றாலே அழுக்கு ஒரு பக்கம் நின்றுவிட, தெளிந்தது மறுபக்கம் இறங்குகிற படம் மனதில் வர வேண்டும்.

ஸர்வாவஸ்தாம் என்பதை ஸர்வ, அவஸ்தாம் என்று பிரிக்க வேண்டும். எல்லா நிலையையும் என்று பொருள். இங்கே தமிழ்க் காது ஒரு தவறு செய்யும். நமக்கு அவஸ்தை என்றால் படும் பாடு. வடமொழியில் அவஸ்தா என்பது வெறும் நிலை. விழித்திருப்பதும் ஓர் அவஸ்தை, தூங்குவதும் ஓர் அவஸ்தை, குழந்தையாக இருப்பதும் ஓர் அவஸ்தை. எனவே 'எல்லாக் கஷ்டத்திலும்' என்று பொருள் சொல்வது சரியாகாது. கஷ்டம், சுகம், நோய், பயணம், பிறப்பு வீடு, சாவு வீடு எல்லாம் இதற்குள் அடக்கம். கதோபி என்பது கத:, அபி என்ற இரண்டு சொற்கள்: அந்த நிலையை அடைந்திருந்தாலும்.

அடுத்து சுலோகத்தின் உயிர் இருக்கும் இடம்: ய: ஸ்மரேத். எவன் நினைப்பானோ. ஸ்மரணம் என்கிற சொல் நமக்குத் தெரிந்ததுதான், 'ஸ்மரணை இல்லாமல் கிடக்கிறார்' என்று சொல்கிறோமே, அதே வேர். இரண்டு வரிக்குள் மனிதன் செய்ய வேண்டிய செயல் என்று வருவது இது ஒன்றுதான். குளி, தொடாதே, நோன்பு இரு, தானம் கொடு என்று எதுவும் கிடையாது. நினை. அவ்வளவே.

எதை நினைப்பது? புண்டரீகாக்ஷம்: தாமரை போன்ற கண்களை உடையவனை. ஸ என்றால் அவன். பாஹ்யம் வெளி, ஆப்யந்தரம் உள். சுசி: என்றால் தூயவன், தமிழிலும் சுசி என்று எழுதி வந்த சொல்தான்.

'எவன்', 'அவன்' என்று ஆண்பாலில் இருப்பதைப் பார்த்து இது ஆண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொதுவாகச் சொல்லும்போது ஆண்பாலில் சொல்வது வடமொழி வழக்கம். யாராக இருந்தாலும் பொருந்தும்.

இது வேத மந்திரம் இல்லை, புராணச் சுலோகம். கருட புராணத்தில் உள்ளது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எட்டெட்டு எழுத்தாக நான்கு பாதம், மொத்தம் 32 எழுத்து. அனுஷ்டுப் என்ற சந்தம். கீதையின் பெரும்பகுதியும் சஹஸ்ரநாமமும் இதே நடையில்தான் போகின்றன. வேத மந்திரத்துக்கு உள்ளதுபோல் ஏற்ற இறக்க ஸ்வரம் இதற்குக் கிடையாது என்பதால் யாரும் கற்றுக்கொண்டு சொல்லலாம். சில புத்தகங்களில் முன்னால் 'ஓம்' சேர்த்து அச்சிட்டிருக்கும். அது சுலோகத்துக்கு வெளியே நிற்கும் எழுத்து. எண்ணிப் பார்த்தால் தெரியும், அதையும் சேர்த்தால் முதல் பாதம் ஒன்பதாகிவிடும்.

தூயவனுக்கு எதற்கு?

எனக்கு இந்தச் சுலோகத்தில் மிகவும் பிடித்த சொல் 'பவித்ரோ வா' என்பதுதான். அழுக்கானவனைத் தூய்மை செய்ய ஒரு பிரார்த்தனை இருப்பது இயல்பு. ஏற்கெனவே தூய்மையாக இருப்பவனை எதற்கு இதில் சேர்க்க வேண்டும்?

இதைச் சொல்கிற நேரத்தை யோசித்தால் விடை கிடைக்கும். தலைக்குக் குளித்தாகிவிட்டது. துவைத்த வேஷ்டியை மடியாகக் கட்டியாகிவிட்டது. விபூதியோ திருமண்ணோ இட்டுக்கொண்டாகிவிட்டது. கை கால் அலம்பி, ஆசமனமும் செய்து, மணை மேல் உட்கார்ந்த பிறகுதான் இது வருகிறது. அதாவது, வெளித் தூய்மையில் ஒரு குறையும் வைக்காதவன் வாயிலிருந்துதான் 'அபவித்ர:' என்ற சொல் முதலில் வருகிறது. நான் சுத்தமாகத்தான் இருக்கிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தவனையும், ஐயோ நான் சுத்தமாக இல்லையே என்று குன்றிப்போய் நிற்பவனையும் சுலோகம் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிடுகிறது. இருவருக்கும் வேலை ஒன்றுதான், நினைக்க வேண்டும். குளித்தவன் நினைக்காவிட்டால் அவனுக்கும் இந்தச் சுலோகத்தில் இடம் இல்லை.

திருக்குறள் படித்தவர்களுக்கு இங்கே 298-ஆம் குறள் நினைவுக்கு வரும். புறந்தூய்மை நீரால் அமையும், அகந்தூய்மை வாய்மையால் காணப்படும் என்கிறார் வள்ளுவர். பாஹ்யம், ஆப்யந்தரம் என்ற அதே புறம், அகம். வள்ளுவர் இரண்டுக்கும் தனித்தனி வழி சொல்கிறார். உள்ளே சுத்தமாக இருக்கிறாயா என்பது நீ பேசும் உண்மையில் தெரியும் என்கிறார். சுலோகம் இரண்டையும் நினைவு என்ற ஒரே வாசல் வழியாக அழைத்துப் போகிறது. ஒன்று வாழும் முறையைச் சொல்கிறது, மற்றது வழிபாட்டில் உட்காரும் கணத்தைச் சொல்கிறது. என் அனுபவத்தில் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சைவத்திலும் இதே குரல் கேட்கும். கங்கை ஆடில் என், காவிரி ஆடில் என் என்று ஒவ்வொரு தீர்த்தமாக அடுக்கிக்கொண்டு போகும் அப்பர், எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே என்று முடிக்கிறார். எங்கும் இறைவன் என்ற நினைவு இல்லாதவனுக்கு எந்தத் தீர்த்தத்தில் மூழ்கியும் பயன் இல்லை.

ஏன் அந்தக் கண்?

திருமாலுக்கு ஆயிரம் பெயர். தூய்மைக்கு ஏன் புண்டரீகாக்ஷன் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள்? கேசவன் என்றோ மாதவன் என்றோ வைத்திருக்கலாமே?

புண்டரீகம் என்பது வெண்தாமரை என்று வடமொழி நிகண்டான அமரகோசம் சொல்கிறது. தாமரை சேற்றில் முளைக்கிறது, சேறு அதன் மேல் ஒட்டுவதில்லை. இலை தண்ணீரிலேயே கிடக்கிறது, தண்ணீர் அதில் தங்குவதில்லை. தூய்மைக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு படம் கிடைக்காது. ஆனால் அது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். பெயர் தாமரையைப் பற்றியது இல்லை, கண்ணைப் பற்றியது. நாம் அவனை நினைக்கிறோம். நினைக்கும்போது மனதில் வந்து நிற்பது நம்மைப் பார்க்கும் இரண்டு கண்கள். பார்க்கப் போனவன் பார்க்கப்படுகிறான். கடாக்ஷம் என்று சொல்கிறோமே, அது இதுதான்.

ஆண்டாள் இதைத் திருப்பாவையின் 22-ஆம் பாசுரத்தில் கண்முன்னால் நிறுத்திக் காட்டிவிடுகிறாள். கிண்கிணியின் வாய் போலச் சற்றே விரிந்த தாமரைப் பூவைச் சொல்லி, அந்தச் செங்கண் 'சிறுச்சிறிதே' எங்கள் மேல் விழியாதா என்று கேட்கிறாள். கிண்கிணியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சின்ன மணியின் வாய் முழுக்கத் திறந்திருக்காது, ஒரு கீற்றுதான். முழுப் பார்வையும் ஒரேயடியாக விழுந்தால் தாங்காது என்பதுபோல், கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கச் சொல்கிறாள். அப்படிப் பார்த்தால் என்ன ஆகும்? 'எங்கள்மேல் சாபம் இழிந்து' போகும். கண் பார்த்தால் கறை போகும் என்பதைத்தான் நம் சுலோகமும் சொல்கிறது.

தாமரைக் கண் என்ற உவமை மிகப் பழையது. சாந்தோக்ய உபநிஷதம், சூரிய மண்டலத்துக்குள் இருக்கும் பொன்மயமான புருஷனைப் பற்றிச் சொல்லும்போது 'கப்யாஸம் புண்டரீகம்' போன்ற கண்கள் என்கிறது. இந்த 'கப்யாஸம்' என்ற சொல்லை வைத்துத்தான் 1017-இல் பிறந்த ராமானுஜருக்கும் அவருடைய ஆசிரியர் யாதவப்பிரகாசருக்கும் முரண்பாடு வந்தது என்பது வைணவர் வீடுகளில் சொல்லிச் சொல்லி வரும் கதை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருப்புட்குழியில் பாடம் நடந்த காலம். ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக் கொண்டிருக்கிறார் இளைஞர் ராமானுஜர். கபி என்றால் குரங்கு. குரங்கின் ஆசனப் பகுதி போலச் சிவந்த தாமரை என்று ஆசிரியர் பொருள் சொல்கிறார். கேட்ட மாணவரின் கண்ணிலிருந்து சூடான கண்ணீர் ஆசிரியரின் தொடையில் விழுகிறது. நீரைப் பருகுபவன் என்பதால் கபி என்றால் சூரியன், அவனால் மலர்த்தப்பட்டது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும் என்கிறார் ராமானுஜர். பின்னாளில் வேதார்த்த ஸங்க்ரஹம் என்ற தம் நூலில் அவரே இந்தக் கண்ணை வர்ணித்தார்: ஆழமான நீரில் முளைத்து, செழித்த தண்டின் மேல் நின்று, சூரியனின் கதிரால் மலர்ந்த தாமரையின் இதழ் போல அழுக்கின்றி நீண்ட கண்கள். ஒரு பெயருக்குள் இருக்கும் உவமையைச் சரியாக நினைக்க வேண்டும் என்பதற்காக ஒருவர் கண்ணீர் விட்டிருக்கிறார். நாம் அதே பெயரைச் சங்கல்பத்தில் அரை நொடியில் தாண்டிப் போகிறோம்.

இந்தப் பெயரிலேயே பெருமாள் இருக்கும் ஊர் ஒன்று உண்டு. திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் திருவெள்ளறை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று, மூலவர் புண்டரீகாக்ஷப் பெருமாள். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். வைணவ ஆசாரியரான நாதமுனிகளின் சீடர் உய்யக்கொண்டார் பிறந்த ஊரும் அதுதான்; அவருடைய இயற்பெயரும் புண்டரீகாக்ஷர்தான்.

எங்கெல்லாம் சொல்கிறார்கள்

ஸ்மார்த்த சம்பிரதாயத்தில் தர்ப்பண சங்கல்பத்தில் இது வருகிறது என்று சொன்னேன். அங்கே இதற்கு ஒரு ஜோடிச் சுலோகம் உடனே தொடரும்: 'மாநஸம் வாசிகம் பாபம் கர்மணா ஸமுபார்ஜிதம், ஸ்ரீராம ஸ்மரணேநைவ வ்யபோஹதி ந ஸம்சய:' மனதால், வாக்கால், செயலால் சேர்த்துக்கொண்ட பாவம் ஸ்ரீராமனை நினைப்பதாலேயே விலகும், சந்தேகம் இல்லை. மறுபடியும் பாருங்கள், ஸ்மரணம். அதோடு 'ஏவ' என்ற சொல்: அதாலேயே, அது ஒன்றாலேயே. அப்புறம் திதியும் விஷ்ணு, கிழமையும் விஷ்ணு, நட்சத்திரமும் விஷ்ணு என்று சொல்லி அன்றைய நாளையே தூய்மையாக்கிவிட்டு, கோவிந்த நாமத்தோடு சங்கல்பத்தின் மற்ற பகுதிக்குப் போவார்கள். ஆவணி அவிட்டத்தன்று மகா சங்கல்பத்திலும் இதைக் கேட்கலாம்.

வடக்கே பூஜை எதுவானாலும் பெரும்பாலும் இதில்தான் தொடக்கம். கையில் கொஞ்சம் தண்ணீரை எடுத்துக்கொண்டு சுலோகத்தைச் சொல்லி, 'புண்டரீகாக்ஷ: புநாது' என்று மூன்று முறை சொல்லித் தங்கள் தலையிலும் பூஜைப் பொருள்கள் மீதும் தெளித்துக்கொள்வார்கள். தாமரைக் கண்ணன் தூய்மை செய்யட்டும் என்று பொருள். 'புநாது' என்பதும் நாம் மேலே பார்த்த அதே 'பூ' வேர்தான். வங்காளத்தில் இதை விஷ்ணு ஸ்மரணம் என்றே சொல்கிறார்கள். பெயரே பொருளைச் சொல்லிவிடுகிறது. தெலுங்கு வீடுகளில் சுலோகத்தின் கடைசியில் 'புண்டரீகாக்ஷாய நம:' என்று சேர்த்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

தண்ணீர் தெளிப்பதற்குப் ப்ரோக்ஷணம் என்று பெயர். தீட்டுக் கழிந்ததும் வீடு முழுக்கத் தெளிக்கும் புண்யாகவாசனத் தீர்த்தத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கலசம் வைத்து, வருணனை ஆவாகனம் செய்து, வேத மந்திரங்கள் சொல்லிச் செய்யும் தனிச் சடங்கு. சந்தியாவந்தனத்தில் 'ஆபோ ஹி ஷ்டா மயோபுவ:' என்று சொல்லித் தெளித்துக்கொள்ளும் மார்ஜனமும் வேறு. அது ரிக்வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில் வரும் மந்திரம். தண்ணீரைப் பார்த்தே, நீங்கள்தான் சுகம் தருபவர்கள் என்று பேசுகிறது. நம் சுலோகத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை. கையில் தண்ணீர் இருந்தாலும் பேச்சு நினைவைப் பற்றித்தான்.

பாட்டியின் பன்னிரண்டு நாள்

இப்போது பாட்டி கதை. இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். பன்னிரண்டு நாள் குளியல் இல்லை. காலையில் நர்ஸ் வந்து ஈரத்துணியால் துடைத்துவிடுவதோடு சரி. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒருநாள் விடாமல் விஷ்ணு சஹஸ்ரநாமம் சொன்னவள், அங்கே போனதிலிருந்து வாயைத் திறக்கவில்லை. புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"விழுப்போட எப்படிடா தொடறது? அந்தப் பக்கம் எடுத்து வை."

விழுப்பு என்றால் குளிக்காத, மடி இல்லாத நிலை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நான் சொன்னால் எடுபடவில்லை. வாத்தியாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, போனைப் பாட்டி காதில் வைத்தேன். அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"பாட்டி, உங்க பேரன் மாசாமாசம் என்னோட சேர்ந்து 'ஸர்வாவஸ்தாம் கதோபி வா'ன்னு சொல்றார். அந்த ஸர்வத்துல ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் சேராதா?"

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் சுலோகத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லிப் பொருளும் சொன்னார். புண்டரீகாக்ஷன் என்ற இடம் வந்ததும் பாட்டியின் உதடு அசைந்தது. "அமோக: புண்டரீகாக்ஷோ..." சஹஸ்ரநாமத்தில் 111-ஆவது நாமம் அது. "இது நான் தினம் சொல்ற பேருதானேடா" என்று என்னைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு பாதி வரை சொன்னாள். புத்தகத்தை அப்போதும் தொடவில்லை. அது அவள் வழக்கம், விட்டுவிட்டேன். நினைப்பதற்குத் தடை இல்லை என்று அவள் மனம் ஒப்புக்கொண்டது போதும் என்று இருந்தது.

பிறகு வாத்தியார் எனக்கு விளக்கமாகச் சொன்னார். குளியல் என்றால் தண்ணீர்க் குளியல் மட்டும் இல்லை, சாஸ்திரம் ஏழு ஸ்நானம் சொல்கிறது. 'ஆபோ ஹி ஷ்டா' முதலான மந்திரங்களால் தெளித்துக்கொள்வது மாந்த்ரம். மண்ணைப் பூசிக்கொள்வது பௌமம். விபூதி பூசுவது ஆக்நேயம். நெருப்பில் வெந்தது என்பதால் அந்தப் பெயர். பசுக்களின் குளம்புத் தூசி மேலே படுவது வாயவ்யம். வெயில் அடிக்கும்போதே பெய்யும் மழையில் நனைவது திவ்யம். ஆற்றிலோ குளத்திலோ முங்கிக் குளிப்பது வாருணம். ஏழாவது மாநஸம். அதற்கு இலக்கணம் இரண்டே சொல்லில் இருக்கிறது: 'மாநஸம் விஷ்ணுசிந்தநம்'. விஷ்ணுவை நினைப்பது மனக்குளியல்.

இதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சுலோகத்தின் இடம் புரிந்தது. இது அந்த ஏழாவது குளியல். முதல் ஆறுக்கும் மண்ணோ நீரோ சாம்பலோ மழையோ ஏதாவது வெளியிலிருந்து வேண்டும். ஏழாவதற்கு ஒன்றும் வேண்டாம், படுத்த படுக்கையாக இருப்பவரிடமும் அது இருக்கிறது.

அப்படியானால் குளிக்க வேண்டாமா?

அடிக்கடி எழும் கேள்வி. நினைத்தாலே தூய்மை என்றால் குளிக்காமல் பூஜையில் உட்காரலாமே என்று கேட்பார்கள். குளிக்க முடிந்தவர் குளித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சுலோகம் வரும் வரிசையே அதைக் காட்டுகிறது: குளியல், மடி, ஆசமனம் எல்லாம் முடிந்த பிறகே இது. குளிக்க முடியாதவரின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவரவும், குளித்தவரின் உள்ளே தண்ணீர் போகாத இடத்தைத் தொடவும் வந்த சுலோகத்தை, சோம்பலுக்குத் துணை சேர்ப்பது அதற்கு நாம் செய்யும் அநியாயம்.

தீட்டு பற்றிக் கேட்பவர்களும் உண்டு. பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த நாளில் விளக்கேற்றலாம், எதைத் தொடலாம் என்பதை வீட்டுப் பெரியவர்களும் அவரவர் மனமும் முடிவு செய்துகொள்ளட்டும். ஆனால் இறைவனை நினைக்கவே கூடாது என்று யாராவது சொன்னால், அதற்கு இந்தச் சுலோகம் இடம் கொடுக்கவில்லை. 'ஸர்வ' என்ற சொல்லுக்கு விதிவிலக்குப் பட்டியல் எதுவும் பின்னால் வரவில்லை. சாவு வீட்டின் மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் அது 'எல்லா நிலை'யில் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தூயவன் ஆகிறான் என்றால் செய்த தவறெல்லாம் கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். சுலோகம் சொல்வது சுசி: என்று மட்டும்தான். வழிபாட்டைத் தொடங்கத் தகுதி உள்ளவன் ஆகிறான். ஒருவருக்குத் தீங்கு செய்திருந்தால், அவரிடம் போய்ச் சரிசெய்ய வேண்டியது அப்படியேதான் இருக்கிறது. பாவத்தைப் பற்றிப் பேசுவது ஜோடிச் சுலோகம். அதிலும் சொல்வது உண்மையான நினைவைப் பற்றி, உதட்டில் ஓடுகிற எழுத்துகளைப் பற்றி இல்லை.

புதிதாகக் கற்பவர்களுக்கு

நான்கு பாதத்தையும் தனித்தனியாகச் சொல்லிப் பழகுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன நிறுத்தம். தமிழ் எழுத்தில் ஒலி வேறுபாடு தெரியாது என்பதால் இரண்டு மூன்று இடங்களைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். 'அபவித்ர' என்பதில் உள்ள 'ப' பல்லாண்டு என்பதில் வரும் ப போல வன்மையாக வரும். அன்பு என்பதில் வருவதுபோல மெலியக் கூடாது. 'பாஹ்ய' என்பதில் உள்ள பா மாறாக, அன்பில் வரும் பு போல மெலிந்த ஒலி. 'கதோபி' என்பதில் க மெலிந்தது, தங்கம் என்பதில் வரும் க மாதிரி. ஆப்யந்தர என்பதில் வரும் ப்ய கொஞ்சம் மூச்சோடு சேர்ந்த ஒலி. சொல்லின் கடைசியில் வரும் இரட்டைப் புள்ளி விசர்க்கம். 'சுசி:' என்பதை 'சுசிஹி' என்று லேசாக மூச்சு விட்டு முடிக்க வேண்டும். உடனே எல்லாம் சரியாக வராது. வராத நாளிலும் சொல்லுங்கள்.

காலையில் விளக்கேற்றும் முன், பாராயணப் புத்தகத்தைத் திறக்கும் முன், கோயில் வாசலில் கால் அலம்பியதும், இரவுப் பயணத்தில் பேருந்து இருக்கையில் உட்கார்ந்தபடி என்று எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டில் பஞ்சபாத்திரமும் உத்தரணியும் இருந்தால் ஒரு உத்தரணித் தண்ணீரைக் கையில் விட்டுத் தலையில் தெளித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் வேண்டாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நில்லுங்கள். மூன்றாம் பாதம் முடிந்து, 'ய: ஸ்மரேத் புண்டரீகாக்ஷம்' என்று சொன்னதும், நாலாவதுக்கு உடனே ஓடாமல் ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குள் கிண்கிணி வாயளவுக்குத் திறந்த அந்தக் கண் மனதில் வரட்டும். போன அமாவாசைக்கு வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டேன், அந்த இடத்தில் எனக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து அடுத்த பாதத்தை மெல்ல எடுத்துக் கொடுத்தான்.